மழைநாளில் ஒரு குட்டை

நுழையும்முன்

வீட்டின் கொல்லைப்புறத்தில் சிறு குட்டை ஒன்று வெட்டுவது எளிய செயல்போலத் தோன்றும். அதையே மழைக்காலத்தில் செய்யத் தொடங்கினால் மண்ணும் நீரும் தம் இயல்பை நமக்கு உணர்த்தும். போபால் நகரில் வாழும் மாணவி ஒருத்தி, தன் தாத்தாவுடன் சேர்ந்து குட்டை வெட்டிய செய்தியைத் தானே கூறுவதாக இப்பாடம் அமைந்துள்ளது.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் என் தாத்தா அரியலூர் மாவட்டத்திலிருந்து போபாலுக்கு வந்தார். பாட்டி மறைந்தபின் அவர் தனியே இருத்தலாகாது என்று அப்பா அழைத்து வந்திருந்தார். நாங்கள் இருப்பது அரசு ஊழியர் குடியிருப்பின் தரைத்தள வீடு. பின்புறத்தில் பத்து மீட்டர் நீளத்திற்கு வெற்றுநிலம் உண்டு. அம்மா அங்கே கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வளர்த்து வந்தார்.

தாத்தாவுக்கு இந்தி தெரியாது. நான் தமிழ் பேசுவேன். எனினும் என் தமிழ், சோறு, தண்ணீர், பள்ளி, தூக்கம் என்னும் எல்லைக்குள் நின்றுவிடும். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் விடை கூறுவேன். அவர் புன்னகை செய்வார். பின் பேச்சு நின்றுவிடும். பத்து நாள்கள் அவர் வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்து தெருவையே பார்த்திருந்தார். ஒருநாள் இரவு, "புரட்டாசியில் எனக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடு, தம்பி. நான் ஊருக்கே போய்விடுகிறேன்" என்று அப்பாவிடம் அவர் கூறியது என் காதில் விழுந்தது.

மறுவாரம் பருவமழை தொடங்கியது. மொட்டைமாடி நீர் முழுவதும் குழாய் வழியே கொல்லையில் கொட்டியது. மூன்று நாள் அங்கேயே தேங்கி நின்றது. கொத்தமல்லி அழுகிப்போயிற்று. அம்மா வருந்தினார். தாத்தாவோ குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்றார். நீர் எவ்வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழியாக வெளியேற முயல்கிறது என்று அவர் கூர்ந்து பார்த்தார். வேலியின் மூலையில் ஒரு குச்சியை நட்டார்.

"இந்தத் தண்ணீர் தங்குவதற்கு ஓர் இடம் கேட்கிறது, கண்ணு. ஒரு குட்டை வெட்டிக் கொடுத்தால் என்ன?" என்றார்.

எனக்குக் குட்டை என்றால் உயரம் குறைந்தது என்று மட்டுமே தெரியும். "குட்டை என்றால் என்ன தாத்தா? தாலாபா?" என்று கேட்டேன்.

அவர் நெடுநாளைக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலை முழுவதும் எங்களுக்குப் பேச ஒரு பொருள் கிடைத்தது. சிறிதாய், ஆழம் குறைந்து, மழைநீர் தேங்குவது குட்டை. ஊரார் குளிக்கவும் புழங்கவும் அமைந்தது குளம். ஊரார் உண்ணும் நீருக்காகக் காக்கப்படுவது ஊருணி. வயலுக்குப் பாய்ச்சக் கரையிட்டுத் தேக்குவது ஏரி. அதையே தென்மாவட்டங்களில் கண்மாய் என்பர். இந்தியில் தாலாப் என்னும் ஒரே சொல்லால் நான் கூறிவந்தவற்றுக்குத் தமிழில் இத்தனை பெயர்களா என்று வியந்தேன்.

போபாலே ஓர் ஏரியின் கரையில் எழுந்த நகரம். 'படா தாலாப்' எனப்படும் பெரிய ஏரி, 11ஆம் நூற்றாண்டில் பரமார மன்னர் போஜர் கோலான்ஸ் ஆற்றின் குறுக்கே மண்கரை எழுப்பி அமைத்தது என்பது மரபு. இன்றும் இந்நகரின் குடிநீரில் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது. அருகிலுள்ள சிறிய ஏரியுடன் சேர்த்துப் 'போஜ் ஈரநிலம்' என்னும் பெயரில் இது 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே 11ஆம் நூற்றாண்டில்தான் முதலாம் இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான். மக்கள் அதனைப் பொன்னேரி என்றும் அழைப்பர். தாத்தாவின் ஊர் அதற்கு அண்மையில் உள்ளது. "நம் ஊரிலும் ஏரி, நீ பிறந்த ஊரிலும் ஏரி, இரண்டும் ஏறத்தாழ ஒரே வயது" என்றார் தாத்தா.

அப்பா இத்திட்டத்தை உடனே ஏற்கவில்லை. "மழை விட்டபின் வெட்டலாம், அப்பா. ஈரமண்ணில் பள்ளம் நிற்காது" என்றார். உண்மையில் அவர் கூறியதே சரி. பள்ளம் தோண்டுவதற்கு ஏற்ற காலம் மண் காய்ந்திருக்கும் காலமே. ஆனால் மழை விடுவது புரட்டாசியில். தாத்தாவின் பயணமும் புரட்டாசியில். அதனை யாரும் வாய்விட்டுக் கூறவில்லை. அப்பா குடியிருப்பு அலுவலகத்தில் எழுத்துவழி இசைவு பெற்று வந்தார். குட்டையைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த கட்டுப்பாடு. நிலத்தடியில் குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ செல்கிறதா என்றும் அங்கேயே கேட்டறிந்தார்.

வீட்டுச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இடம் குறித்தோம். நீளம் மூன்று மீட்டர். அகலம் இரண்டு மீட்டர். நடுவில் ஆழம் அறுபது செண்டிமீட்டர். மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் தாத்தா மண்வெட்டியைக் கையில் எடுத்தார். எங்கள் ஊர் மண் கருநிறமானது. அது மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது, செருப்பில் ஒட்டிக்கொண்டது, நான் அள்ளிய சட்டியைக் கவிழ்த்தாலும் கீழே விழ மறுத்தது. எனினும் மாலைக்குள் முழங்கால் ஆழத்திற்கு, சுவர்கள் செங்குத்தாக நிற்க, அழகிய பள்ளம் ஒன்று உருவாயிற்று. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தோம்.

அன்றிரவு பெருமழை பெய்தது. விடிந்து பார்த்தால் பள்ளத்தின் இரண்டு பக்கங்கள் சரிந்து, குவித்த மண்ணும் உள்ளே வழிந்து, பாதிப் பள்ளம் சேறாகக் கிடந்தது. தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நம் ஊர்ச் செம்மண் என்று எண்ணி வெட்டிவிட்டேன். மண்ணை அறியாமல் கைவைத்தது என் பிழை" என்று மெல்லக் கூறிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் பகலுணவு உண்ணவில்லை.

எங்கள் குடியிருப்பில் தோட்டவேலை பார்க்கும் மாலி ஒருவர் உண்டு. அவரும் முதியவர். வேலியருகே நின்று பள்ளத்தைப் பார்த்தவர், இந்தியில் ஏதோ கூறிச் சிரித்தார். நான் தாத்தாவை அழைத்து வந்தேன். மாலி இந்தியில் கூற, நான் தமிழில் கூறினேன். தாத்தா தமிழில் கேட்க, நான் இந்தியில் கேட்டேன். "இம்மண் நீரைக் குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். இதற்குச் சுவர் வைத்து வெட்டக்கூடாது, தட்டுப்போலச் சரித்து வெட்ட வேண்டும்" என்றார் மாலி. 'சரிவு' என்னும் சொல் அப்போது எனக்குத் தெரியாது. கையைச் சாய்த்துக் காட்டினேன். தாத்தாவே அச்சொல்லை எடுத்துக் கொடுத்தார். ஒரு மணிநேரத்தில் அவ்விருவரும் என்னை மறந்து, கைகளாலேயே பேசத் தொடங்கிவிட்டனர்.

மாலி கூறியதன் காரணத்தைப் பின்னர் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டறிந்தேன். கரிசல் மண், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை சிதைந்து தோன்றியது. அதில் மிக நுண்ணிய களிமண் துகள்கள் மிகுதி. அத்துகள்கள் தம் அடுக்குகளுக்கிடையே நீரை ஏற்றுப் பருக்கும். நீர் வற்றினால் சுருங்கும். கோடையில் எங்கள் விளையாட்டுத் திடலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள் தோன்றுவது இதனால்தான். ஈரமான களிமண்ணுக்குத் தன் எடையைத் தாங்கும் வலிமை குறைவு. விளிம்பில் மண்ணைக் குவித்தால் அந்தச் சுமையும் சேர்ந்து சரிவை விரைவுபடுத்தும். ஆழமான பள்ளமாயின் இது உயிருக்கே ஊறு விளைவிக்கும். ஆதலால், சிறுவர் எவரும் மழைக்காலத்தில் பெரியவர் துணையின்றிப் பள்ளம் தோண்டவோ, பிறர் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் நிற்கவோ கூடாது.

இரண்டாம் முறை வேறுவகையாகத் தொடங்கினோம். முதலில் பள்ளத்தின் மேட்டுப்பக்கத்தில் ஒரு சாண் அகலத்திற்கு வடிகால் வெட்டி, கொல்லையில் ஓடிவரும் நீரைச் சுற்றுவழியில் திருப்பினோம். பின்பு ஒவ்வொரு பத்துச் செண்டிமீட்டர் ஆழத்திற்கும் பதினைந்து செண்டிமீட்டர் சரிவு இருக்குமாறு பக்கங்களைச் சீவினோம். தோண்டிய மண்ணை வேலியோரம் கொண்டுபோய்க் கொட்டினோம். மழை வரும்போது வேலையை நிறுத்திவிடுவோம். மழை ஓய்ந்ததும் பள்ளத்தின் அடியிலுள்ள சிறு குழியில் சேரும் நீரை வாளியால் இறைத்துவிட்டு மீண்டும் தொடங்குவோம். இவ்வாறு ஆறு நாள்கள் ஆயின.

அடுத்து எழுந்தது, நீர் கீழே இறங்காமல் நிற்க என்ன செய்வது என்னும் கேள்வி. களிமண்ணை மிதித்துக் குழைத்துப் பூசலாம் என்றார் தாத்தா. மழைக்காலம் வரையில் அது நன்றாகவே நிற்கும். ஆனால் போபாலில் மே மாத வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். நீர் குறைந்து பூச்சு வெளிப்பட்டால் கரிசல் வெடித்துவிடும். அடுத்த மழைநீர் அவ்வெடிப்பு வழியே இறங்கிவிடும். ஆகவே தடித்த நெகிழி விரிப்பு வாங்க முடிவு செய்தோம். அதன் அளவைக் கணக்கிடும் பொறுப்பு எனக்கு வந்தது. நீளத்துடன் ஆழத்தின் இருமடங்கைக் கூட்டி, விளிம்பில் மடிப்பதற்குப் பக்கத்திற்கு முப்பது செண்டிமீட்டர் சேர்க்க வேண்டும். அவ்வாறே அகலத்திற்கும். 4.8 மீட்டர் நீளமும் 3.8 மீட்டர் அகலமும் தேவை என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளத்தில் கூர்ங்கற்களைப் பொறுக்கி எடுத்து, பழஞ்சாக்குகளைப் பரப்பி, அவற்றின்மேல் விரிப்பை இட்டோம். இருட்டிவிட்டதால் நீரை மறுநாள் நிரப்பலாம் என்று விட்டுவிட்டோம்.

அங்கேதான் இரண்டாம் பிழை நேர்ந்தது. இரவு மழைக்குப்பின் சென்று பார்த்தால், விரிப்பு எண்ணெயில் இட்ட பூரியைப்போல நடுவில் உப்பி எழுந்திருந்தது. சுற்றியுள்ள ஈரமண்ணில் நின்ற நீர் பக்கவாட்டில் ஊறி விரிப்பின் அடியில் சேர்ந்து, அதனை மேலே தள்ளிவிட்டது. உள்ளே நீர் இருந்திருந்தால் அதன் எடை விரிப்பை அழுத்திப் பிடித்திருக்கும். வெற்று விரிப்பால் அது இயலாது. இம்முறை தாத்தா வருந்தவில்லை. "சரி, இதையும் தெரிந்துகொண்டோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். விரிப்பை ஒருபக்கம் தூக்கி, அடியிலிருந்த நீரை இறைத்து, மீண்டும் விரித்து, அன்றே மாடிக்குழாயைக் குட்டைக்குள் திருப்பிவிட்டோம்.

மாடிநீரைத் திருப்பினால் போதுமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. அப்பா கணக்கிட்டுக் காட்டினார். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். எங்கள் மாடி அறுபது சதுர மீட்டர். இருபத்தைந்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 1500 லிட்டர். சரிவாக வெட்டிய எங்கள் குட்டையின் கொள்ளளவும் ஏறத்தாழ அவ்வளவே. அன்று மாலைப் பெய்த மழையில், நனைந்துகொண்டே நாங்கள் பார்த்திருக்க, நீர் விளிம்புவரை ஏறிவந்தது.

நிரம்பிய நீர் எங்கே போகும்? விளிம்பு முழுவதும் ஒரே மட்டமாக இராவிட்டால், தாழ்ந்த இடத்தில் வழிந்து கரையை அரித்துவிடும். நீர் நிரப்பிய தெளிவான குழாயின் இரு முனைகளையும் பிடித்து மட்டம் பார்க்கும் முறையைத் தாத்தா கற்றுத் தந்தார். குழாய் எப்படி வளைந்தாலும் இருமுனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். விளிம்பை உயர்த்தி மட்டமாக்கியபின், அவர் குச்சி நட்டிருந்த மூலையில் மட்டும் இரு விரல் அளவு தாழ்த்தி, கற்களைப் பதித்தார். "இதுதான் கலிங்கு. ஏரி உடையாமல் காப்பது கரையன்று, கண்ணு, கலிங்குதான்" என்றார். அக்கலிங்கில் வழியும் நீர் இப்போது அம்மாவின் வாழைக்குப் போகிறது.

குட்டை நிரம்பிய மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மையார் வந்தார். முந்தைய ஆண்டு அவர் மகன் டெங்குக் காய்ச்சலால் மருத்துவமனையில் ஒருவாரம் கிடந்தவன். "தேங்கிய நீரை வீட்டருகே வைத்துக்கொண்டு கொசுவை வளர்க்கிறீர்களா? இதை மூடிவிடுங்கள்" என்று கண்ணீருடன் கூறினார். அதை மொழிபெயர்க்க எனக்கு நா எழவில்லை. ஆயினும் தாத்தா அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "அவர் சொல்வது நியாயம். கொசு வந்தால் நானே மூடிவிடுகிறேன் என்று சொல்" என்றார்.

டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது; தொட்டி, வாளி, பழைய டயர், பூந்தட்டு போன்ற சிறு கலங்களில் தேங்கும் நீரை நாடி முட்டையிடுவது. முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள்கள் போதும். அப்பா மறுநாளே வண்ணமீன் கடையிலிருந்து வரிமீன்கள் பன்னிரண்டு வாங்கி வந்தார். உடலில் நீலக்கோடுகள் ஓடும் இச்சிறுமீன் நம் நாட்டு ஓடைகளுக்கு உரியது. கொசுப்புழுக்களை விரும்பி உண்ணும். அமெரிக்காவிலிருந்து வந்த கம்பூசியா மீனைப் பலர் பரிந்துரைப்பர். அது தலைப்பிரட்டைகளையும் பிற மீன்களின் குஞ்சுகளையும் விடாது என்பதால் நாங்கள் வாங்கவில்லை.

ஒருவாரம் நாள்தோறும் வெள்ளைக் கிண்ணத்தில் குட்டைநீரை முகந்து பார்த்தோம். ஒரு கொசுப்புழுவும் இல்லை. ஆனால் எட்டாம் நாள் என் தம்பி, வீட்டின் பின்னே கோடை முடிந்தபின் நாங்கள் மறந்துவிட்ட கூலரின் அடித்தட்டைக் காட்டினான். அதில் மழைநீர் நான்கு விரல் உயரம் நின்றது. நெளியும் புழுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன! அம்மா அக்கணமே அதனைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு அவரே பக்கத்து வீட்டுக்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் கூறினார். அன்றுமுதல் ஞாயிறுதோறும் இரு வீட்டாரும் சேர்ந்து கூலர், வாளி, பூந்தட்டு அனைத்தையும் கவிழ்த்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. மகனைக் காப்பாற்ற வந்தவரால் எங்கள் வீட்டுக் கொசுவும் ஒழிந்தது.

மாலி மூங்கில் கொண்டுவந்து இடுப்பளவு வேலி கட்டித் தந்தார். தம்பிக்கு மூன்று வயதுதான். அவ்வயதினர்க்கு அரையடி நீரும் ஆபத்து. ஆகையால் வேலிக்கதவின் தாழ் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. ஆழம் குறைந்த ஓரத்தில் கோரையும் வல்லாரையும், நடுவே தொட்டியில் ஓர் அல்லியும் வைத்தோம். வெங்காயத்தாமரையின் ஊதாப்பூ எனக்குப் பிடிக்கும். ஆனால் அது நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிடும் என்று தாத்தா தடுத்துவிட்டார். தவளைகளை யாரும் அழைக்கவில்லை. ஆவணி மாத இரவொன்றில் அவை தாமே வந்து, எங்களைத் தூங்கவிடாமல் கத்தின.

புரட்டாசியில் தாத்தா ஊருக்குப் புறப்பட்டார். பயணச்சீட்டை மாற்றலாம் என்று அப்பா கேட்டதற்கு, வயலில் வேலை இருப்பதாகக் கூறிவிட்டார். தொடர்வண்டி நிலையத்திற்கு மாலியும் வந்திருந்தார். தம் ஊர்ச் சந்தையில் விற்கும் சிங்காடா என்னும் நீர்க்காயை ஒரு பை நிறையக் கொடுத்தார். இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் கைகளைப் பற்றிக்கொண்டு நின்றனர்.

இப்போது ஞாயிறுதோறும் தாத்தா தொலைபேசியில் அழைக்கிறார். நலம் விசாரித்தபின் முதலில் குட்டையைப் பற்றியே கேட்பார். கோடையில் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் நீர் குறைகிறது என்றேன். அரிசி கழுவிய நீரை ஊற்றாதே, மீன் தாங்காது. குழாய்நீரை இரண்டு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்று என்றார். சென்ற வாரம் அழைத்தபோது, "அங்கே மழை எப்போது தொடங்கும்?" என்று கேட்டார்.

"ஆனி பிறந்தபின், தாத்தா."

"கலிங்கில் நீர் வழிவதற்குள் வந்துவிடுகிறேன். அதற்குள் அந்த மாலியிடம் பேச எனக்கு நாலு இந்திச் சொல் எழுதி வை" என்றார்.

சொல்லும் பொருளும்

கொல்லை – வீட்டின் பின்புற நிலம்
கலிங்கு – ஏரி, குளங்களில் மிகுதியான நீர் வெளியேறும் கல்வழி
வடிகால் – தேங்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்
கரிசல் – கருநிறக் களிமண் நிலம்
தலைப்பிரட்டை – தவளையின் குஞ்சு
இசைவு – ஒப்புதல்
ஊறு – கேடு, துன்பம்

மதிப்பீடு

1. முதலில் வெட்டிய பள்ளம் சரிந்தமைக்குரிய காரணங்கள் இரண்டனை எழுதுக.
2. வெற்று விரிப்பு உப்பி எழுந்தது ஏன்? நீர் நிரப்பியபின் அது எழாமைக்குக் காரணம் யாது?
3. உங்கள் வீட்டு மாடியின் பரப்பு 40 சதுர மீட்டர் எனில், 15 மில்லிமீட்டர் மழையில் எத்தனை லிட்டர் நீர் சேரும்?
4. 'ஏரி உடையாமல் காப்பது கரையன்று. கலிங்குதான்' என்று தாத்தா கூறியதன் பொருளை விளக்குக.
5. மழை விட்டபின் வெட்டலாம் என்றார் அப்பா. அவர் சொல்லைக் கேட்டிருக்க வேண்டுமா? உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

மொழிப்பயிற்சி

குளம், குட்டை, ஊருணி, ஏரி, கண்மாய் ஆகியவற்றுள் உங்கள் பெற்றோரின் ஊரில் வழங்கும் சொற்கள் எவை? அவ்வூரிலுள்ள நீர்நிலை ஒன்றின் பெயரை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுக. நீங்கள் இப்போது வாழும் ஊரின் மொழியில் நீர்நிலைகளுக்கு வழங்கும் பெயர்களையும் அருகில் எழுதுக.

செயல்திட்டம்

உங்கள் வீட்டிலும் சுற்றிலும் நீர் தேங்கும் இடங்களை ஒருவாரம் பெரியவர் ஒருவருடன் பார்த்துப் பட்டியலிடுக. வெள்ளைக் கிண்ணத்தில் நீரை முகந்து, கொசுப்புழு உள்ளதா என்பதை நாள்வாரியாகக் குறித்து வகுப்பில் காட்டுக.